கிழக்கு ஓரம்

திரையில் கிணறுகள் மறுபடியும் வற்றின.

"வத்திருச்சு" என்ற குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். புதுக்குடியின் நிலத்தடி நீர் எப்படி ஓடும் என்று கணினியில் அவர் கட்டிய மாதிரி வடிவம் அது. எப்படி ஓட்டிப் பார்த்தாலும் சில கோடைகளில் ஊர்க் கிணறுகள் காய்ந்துபோயின. அறிக்கையில் அப்படியே எழுதினால் ஊரைக் காலிசெய்து வேறிடத்தில் குடியமர்த்திவிடுவார்கள்.

இந்த வேலையில் அவருக்கு வழிகாட்டி நூர்ஜஹான். வயதில் அவரைவிட மிகவும் இளையவர்.

"கிழக்கு ஓரத்துல என்ன குடுத்திருக்கீங்க சார்?"

"ஓட்டமில்லா எல்லை, மேடம். சுவர் மாதிரி, தண்ணி தாண்டி வராது."

"அங்க பாறை இருக்கா?"

"தெரியல. நம்ம வரைபடம் அதோட முடியுது."

நூர்ஜஹான் கார் சாவியை எடுத்தார். "மடிக்கணினிய எடுத்துக்குங்க. அந்த டம்ளரையும்."

"டீ இன்னும் குடிக்கல, மேடம்."

"குடிச்சுட்டு எடுங்க."

ஊருக்குக் கிழக்கே ஆறு மணலாகக் கிடந்தது. ஊர்க்காரர்கள் தோண்டிய ஊற்றுகளின் மேல், ஆடு இறங்காதபடி முள்கிளைகள் போடப்பட்டிருந்தன. குற்றாலிங்கம் மண்டியிட்டுக் கையாலேயே ஒரு குழி பறித்தார். நீர் கசிந்தது.

"மொண்டு ஊத்துங்க."

மொண்டார். அடி மணல் தெரிந்தது.

"வத்திருச்சு" என்றார். திரையின் முன்னால் சொன்ன அதே குரல்.

"இருங்க."

குழியின் பக்கங்கள் கறுத்தன. நீர் மெல்ல ஏறி, பழைய மட்டத்தில் நின்றது. குற்றாலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்போ மாறா நீர்மட்டம்னு குடுத்துடறேன், மேடம். எவ்வளவு எடுத்தாலும் வந்துக்கிட்டே இருக்கும்."

"வேகமா மொள்ளுங்க."

மொண்டார். டம்ளரில் சேறுதான் வந்தது. நீர் தன் வேகத்திலேயே ஊறியது.

சிரிப்பு நின்றது. "சுவரும் இல்ல, கடலும் இல்ல. இத என்னன்னு சொல்றது?"

"பேர் புத்தகத்துல இருக்கு. எவ்வளவு நேரத்துல ஊறுதுன்னு பாருங்க."

கடிகாரத்தைக் கழற்றி மணலில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு கார் முகப்பின்மேல் மடிக்கணினியைத் திறந்து, ஓரத்தின் வகையை மாற்றி, ஒரு தோராயக் கணக்கைக் கொடுத்து ஓட்டினார். கோடையில் கிணறுகள் இறங்கின. மழையில் ஏறின. இறங்கின. ஏறின. அவர் கார்மேலேயே சாய்ந்துவிட்டார்.

"முறையா அளந்துதான் எழுதணும்" என்றார் நூர்ஜஹான்.

"அளந்துடறேன், மேடம்." ஆற்றின் பக்கம் திரும்பினார். "இல்லாத சுவர எப்படி அங்க வச்சேன்?"

"நமக்குத் தெரிஞ்சது அங்க முடிஞ்சுபோச்சு, சார். தண்ணி முடியல."

குற்றாலிங்கம் மடிக்கணினியை மூடினார். மணலில் இறங்கிப் போய், ஒரு முள்கிளையை இழுத்துவந்து குழியின்மேல் போட்டார்.