மின்விசிறிக்குத் தூசி துணை வந்த கதை

அந்தக் காலத்தில், பல்லியும் தூசியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மின்விசிறி ஒரு பறவையாக இருந்தது. அதற்கு மூன்று இறக்கைகள். இரண்டு இறக்கை உள்ளவை நேராகப் பறக்கும். இதற்கு ஒன்று கூடிப்போனதால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் இருந்த இடத்திலேயே சுற்றும். காக்கைகள் அதைச் சும்மா விடுவதில்லை. “எங்கே கிளம்பிட்டே?” என்று ஒரு காக்கை கேட்கும். “வேற எங்கே, இங்கேதான்” என்று இன்னொன்று பதில் சொல்லும். விசிறிப்பறவை வாயே திறக்காது. கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தன்பாட்டுக்குச் சுற்றும். கீழே களைத்துப்போய் உட்கார்ந்தவனுக்கு வியர்வை அடங்கும்.

அது தின்பது மின்னல். மின்னல் கிடைத்தால் நாள் முழுக்கச் சுற்றும். கிடைக்காவிட்டால் இறக்கையைத் தளர்த்திக்கொண்டு மெல்ல மெல்ல நின்றுவிடும். அதன் பசி இன்றைக்கும் அப்படித்தான்.

பொருநை ஆற்றின் வடகரையில் அப்பளம் இடுகிற ஊர் ஒன்று இருந்தது. அங்கே ஆவுடை என்று ஒருத்தி. அவள் புருஷன் பிரமநாயகம். ஒரே அறை வீடு, தாழ்ந்த ஓட்டுக்கூரை, நடுவில் ஒரே உத்திரம். அந்த உத்திரத்தில் தூளி கட்டி, நாற்பது நாள் பெண்குழந்தையைப் போட்டிருந்தார்கள். தரையில் பாய் விரித்து அப்பளம் காயும். அவர்கள் தூங்குவதும் தொழில் செய்வதும் அங்கேதான்.

அந்த வருஷம் கத்திரி வெயில் பொல்லாத வெயில். குழந்தையின் உடம்பெல்லாம் வேர்க்குரு. மூன்று நாளாக அது சரியாகப் பால் குடிக்கவில்லை. அழுகைகூட நூல் மாதிரி மெலிந்துவிட்டது. மருத்துவச்சி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் வேண்டாம் என்றாள்.

“காத்துதான் வேணும். இந்த வெயில் இன்னும் பத்து நாள் இருக்கு. காத்து இல்லாம இந்தப் பிள்ளை தாங்காது.”

புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றிப் பனையோலை விசிறியால் வீசினார்கள். வீசினால் மாவு இடிக்கக் கை இல்லை, மாவு இடித்தால் வீச ஆள் இல்லை. இரண்டாம் நாள் ஆவுடையின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. விசிறியின் ஈர்க்கும் முறிந்துவிட்டது. பிரமநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விசிறிப்பறவையைக் கூட்டிவர ஆற்றங்கரைத் தோப்புக்குப் போனான்.

அவன்கூட மூன்று பறவைகள் வந்தன. பெரியது ஒன்று, சின்னது ஒன்று, நடுத்தரமாய் ஒன்று. பெரியது வாசலிலேயே நின்று, தான் சுற்றினால் கல்யாணப் பந்தலே குளிரும் என்றது. அப்படிச் சொல்லும்போதே அதன் இறக்கை இரண்டு பக்கச் சுவரிலும் இடித்தது. சின்னது, அடுப்படி அளவுக்கு மேல் தன்னால் ஆகாது என்று உண்மையைச் சொல்லிவிட்டது. பிரமநாயகத்துக்குப் பெரியதன்மேல்தான் கண். ஆவுடை அவற்றைப் பார்த்து, எவ்வளவு வேகமாகச் சுற்றுவீர்கள் என்று கேட்கவே இல்லை. எவ்வளவு மெதுவாகச் சுற்றத் தெரியும் என்று கேட்டாள். கீழே அப்பளம் காய்கிறதே.

பெரியது சிரித்தது. நடுத்தரப் பறவை மட்டும் யோசித்துப் பதில் சொன்னது.

“அஞ்சு விதமாச் சுத்துவேன் அக்கா. ஒண்ணுல உங்க அப்பளம் அசையாது. அஞ்சுல உங்க முந்தானை நிக்காது.”

அதையே வைத்துக்கொண்டார்கள்.

முதலில் அதை உத்திரத்தோடு ஒட்டி இரும்புக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். மின்னலைக் கூப்பிட்டு, ஓட்டு இடுக்கு வழியாக ஒரு செப்புக் கம்பியில் இறக்கி ஊட்டினார்கள். பறவை சுற்றியது. காற்று மட்டும் கீழே வரவில்லை. உத்திரத்தில் குடியிருந்த பல்லி எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தது. முதுகுக்கு மேலே இடமே விடாமல் மாட்டிவிட்டால் பறவை எந்தக் காற்றை அள்ளிக் கீழே தள்ளும் என்று அது கேட்டது. நியாயமான கேள்வி. பிரமநாயகம் கொக்கிக்கும் பறவைக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புத் தண்டு வைத்துத் தொங்கவிட்டான். உடனே காற்று இறங்கி வந்தது. ஒன்றாம் சுற்றில் அப்பளம் அசையவில்லை. பறவை சொன்ன சொல் தப்பவில்லை.

ஆனால் உச்சி வெயிலுக்கு ஒன்றும் இரண்டும் போதவில்லை. குழந்தை கண்ணை மூடும், திரும்ப முழித்துச் சிணுங்கும். மூன்றாம் சுற்று சுற்றும்படி ஆவுடை சொன்னாள். பறவை வேகம் எடுத்ததும் உத்திரம் கடகடவென்று ஆடியது. ஓட்டிலிருந்து காரை உதிர்ந்தது. தூளி தானாக ஆடத் தொடங்கியது. பயந்துபோய் நிறுத்தினார்கள்.

பிரமநாயகம் ஏணி போட்டு ஏறிக் கொக்கியை அசைத்துப் பார்த்தான். தண்டின் மரையை முறுக்கினான். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடி சுற்றியது, மறுபடி ஆடியது. இறக்கை மூன்றும் ஒரே அளவுதானா என்று ஆவுடைக்குச் சந்தேகம் வந்தது.

அப்பளக்காரர்களுக்கு அளவு பார்க்க ஒரே வழிதான் தெரியும். அப்பளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஓரத்தைத் தடவுவார்கள். எதுவும் நீட்டிக்கொண்டு இல்லை என்றால் சரி. ஆவுடை பறவையை இறக்கி, மூன்று இறக்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடிக்கச் சொல்லி, அப்பளக் கட்டைத் தடவுகிற மாதிரியே ஓரத்தைத் தடவினாள். ஒரு மயிரிழை நீட்டல் இல்லை. பிரமநாயகமும் தடவிப் பார்த்தான். அப்பளத்தில் அந்த ஊர்க் கைகள் ஒருநாளும் ஏமாந்ததில்லை. இறக்கையில் குற்றமே இல்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டுப் பறவையைத் திரும்ப மாட்டினார்கள்.

இந்தத் தடவை மூன்றாம் சுற்றுக்கு வேகம் எடுத்ததுமே பல்லி குரல் கொடுத்தது.

“தாயி, நிறுத்து. கொக்கி வாயைத் திறக்குது. இன்னும் கொஞ்சம் சுத்தினா பறவை கீழே. அதுக்குக் கீழே என்ன இருக்குன்னு நான் சொல்ல வேண்டாம்.”

பிரமநாயகம் ஏறி, திறந்த கொக்கியைத் தட்டி மூடினான். தூளியை எங்கே மாற்றுவது? அறையும் ஒன்று, உத்திரமும் ஒன்று. வெளியே கொண்டுபோனால் அனல். பெரியதை எடுத்திருக்கலாம் என்று அவன் முணுமுணுத்தான். பெரியது விழுந்தால் இன்னும் பெரிதாக விழும் என்றது பல்லி.

விசிறிப்பறவை தானாகவே தன்னை அவிழ்த்துவிடச் சொன்னது. பிறந்ததிலிருந்து எத்தனையோ கேலியைக் கேட்டு வாய் திறக்காத பறவைக்கு அன்று குரல் உடைந்துபோனது.

“நான் போயிடறேன் அக்கா. வெக்கையில பிள்ளை அழுதுகிட்டாவது இருக்கும். நான் விழுந்துட்டா...”

ஆவுடை தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். சுட்டது.

அப்போது வாசற்படிக்கு வெளியே ஒரு சின்னக் குரல் கேட்டது. தூசி.

அப்பள வீட்டில் தூசிக்கு இடம் கிடையாது. ஈர அப்பளத்தில் ஒரு துகள் ஒட்டினாலும் அந்த ஈடு முழுவதும் மாட்டுக்குத்தான் போகும். அதனால் ஆவுடை ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்டுவாள். கூட்டி முடித்ததும் தூசி திரும்ப வராதபடி வாசற்படி நெடுக ஈரத் துணியைப் போட்டு வைப்பாள். தூசியின் குரல் கேட்டதுமே அவள் கை துடைப்பத்தைத் தேடியது.

துடைப்பத்துக்கு வேலை வைக்காமல் தானே போய்விடுவதாகத் தூசி சொன்னது. போவதற்கு முன் ஒரு சேதி சொல்ல வேண்டுமாம். காலையில் பறவை வாசலில் காத்துக்கொண்டிருந்தபோது தூசி அதன் மூன்று இறக்கைகளிலும் உட்கார்ந்து பார்த்ததாம்.

“நான் உட்காராத இடம் ஏது அக்கா? உட்கார்ந்தா எனக்குத் தெரியும். ரெண்டு இறக்கை ஒரே கனம். மூணாவதுக்குக் கனம் குறைச்சல்.”

பறவைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன ஆடிக்காற்றில் ஓர் இறக்கையிலிருந்து உள்ளிறகு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. மேலே மூடியிருக்கிற பெரிய இறகு அப்படியே இருந்ததால் பார்வைக்குத் தெரியவில்லை. ஆவுடை தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஓரம் பார்த்த கை கனம் பார்க்கவில்லை.

பிரமநாயகம் உடனே ஒரு கூழாங்கல்லை அந்த இறக்கையில் வைத்துக் கட்டினான். கனம் அதிகமாகி ஆட்டம் மறுபக்கம் திரும்பியது. கல்லை எடுத்துவிட்டு உளுந்து மாவை ஓர் உருண்டை பிடித்து ஒட்டினான். இரண்டாம் சுற்றில் உருண்டை பிய்த்துக்கொண்டு பறந்து சுவரில் அப்பியது. பல்லி மட்டும் நகராமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பல்லி அப்பளம்தான்.

“நான் உட்காரட்டுமா?” என்று தூசி கேட்டது.

அந்த வேகத்தில் தன்மேல் ஓர் இலை நிற்காது, ஈ நிற்காது என்று விசிறிப்பறவை எச்சரித்தது. மாவு உருண்டையின் கதியைப் பார்த்தாயே, நீ எப்படி நிற்பாய் என்று கேட்டது.

“என்னைக் கண்ட எல்லாரும் தட்டித்தான் விடறாங்க அண்ணே. ஒட்டிக்கிட்டு இருக்கிறதை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?”

ஆவுடை கீழே பார்த்தாள். இரண்டு நாள் உழைப்பு, பாய் நிறைய, நிலா நிலாவாகக் காய்ந்துகொண்டிருந்தது. விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று தூசியைக் கேட்டாள். விழமாட்டேன் என்றது தூசி. அதற்குமேல் அது சத்தியமும் செய்யவில்லை, கெஞ்சவும் இல்லை.

தூளி அசையாமல் இருந்தது. இப்போது அழுகைகூட இல்லை. அதுதான் ஆவுடையைப் பயமுறுத்தியது. அவள் எழுந்துபோய், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தூசி உள்ளே வர ஒரு பொழுதும் எடுக்காத ஈரத் துணியை வாசற்படியிலிருந்து எடுத்தாள். தள்ளி நின்று வழிவிட்டாள்.

தூசி உள்ளே வந்தது. பாயின் பக்கம் போகாமல் சுவரோரமாக நடந்து, ஏணிமேல் ஏறி, துகள் துகளாக அந்த ஓர் இறக்கையில் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பறவை கணக்குப் பார்த்துக்கொண்டே வந்து, போதும் என்றது. அதற்குப் பிறகு ஒரு துகள்கூட ஏறவில்லை. ஏணியில் பாதி வழி வந்துவிட்ட துகள்கள்கூட அப்படியே திரும்பி இறங்கிப்போயின.

பறவை சுற்றத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்றில் எல்லோரும் உத்திரத்தைப் பார்த்தார்கள். உத்திரம் பேசாமல் இருந்தது. காற்று முதலில் எங்கே மோதுமோ, அந்த இறக்கையின் முன்விளிம்பிலேயே தூசி குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆவுடை முந்தானையை விரித்து அப்பளங்களுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். பல்லி ஊர்ந்துபோய்க் கொக்கியைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறது என்றது. நான்காம் சுற்றில் அறை முழுக்கக் காற்று. குழந்தையின் மூடியிருந்த கை மெல்ல விரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது அசந்து தூங்கிவிட்டது. பொழுது சாயும்போது எழுந்து பாலுக்கு அழுதது. நல்ல கனத்த அழுகை. ஆவுடை முந்தானையை உதறிப் பார்த்தாள். ஒரு துகள் இல்லை.

பத்து நாளும் தூசி அந்த இடத்தைவிட்டு இறங்கவில்லை. மின்னல் வராமல் பறவை பசித்து நின்ற நேரங்களிலும், கையைத் தளர்த்திக்கொள்ளலாமே என்று நினைக்காமல் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. கத்திரி முடிந்தது. குழந்தைக்கு வேர்க்குரு உதிர்ந்து கன்னத்தில் சதை வைத்தது.

புரட்டாசிக்குள் பறவைக்கு உள்ளிறகு புதிதாக முளைத்து மூன்று இறக்கையும் ஒரே கனமாகிவிட்டன. அதற்குள் தூசியின் சொந்தக்காரர்களும் பார்க்க வந்து, மூன்று இறக்கையிலும் குடியேறிவிட, பாரம் தாங்காமல் பறவை மூன்றாம் சுற்றில் ஒன்றாம் சுற்றுக் காற்றைத்தான் கொடுத்தது. ஆவுடை கைக்கு எட்டிய ஓர் இறக்கையை மட்டும் துடைத்துவிட்டாள். ஆட்டம் திரும்ப வந்துவிட்டது. பிறகுதான் அவளுக்குப் புரிந்தது, துடைத்தால் மூன்றையும் துடைக்க வேண்டும் என்று. ஆயுத பூசைக்கு முதல் நாள் பறவையை நிறுத்தினாள். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, அடியிலிருந்து நுனிவரைக்கும் மெதுவாக இழுத்தாள். ஒரு துகள் கீழே சிந்தவில்லை. உறையோடு வெளியே எடுத்துப்போய் வேலியோரம் இறக்கிவிட்டாள். துடைப்பத்தை அவள் தொடவே இல்லை.

வேலை முடிந்தது, இனி நான் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு தூசி வேலியோரமே இருந்துவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த விசிறிப்பறவை, ஏன் வரவில்லை என்று பல்லியிடம் கேட்டனுப்பியது. இப்போது உனக்குக் கனம் சரியாகத்தானே இருக்கிறது, நான் எதற்கு என்று தூசி பதில் சொல்லிவிட்டது. பறவை ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்துச் சொன்னது:

“எனக்குக் கீழே உட்கார்ந்தவங்க எத்தனையோ பேர். என்கூட உட்கார்ந்தது நீ ஒருத்தன்தான். வா.”

அன்று முதல்தான் மின்விசிறி, வீட்டில் ஒரு காகிதத்தைக்கூட ஓரிடத்தில் உட்காரவிடாமல் விரட்டினாலும், தன் இறக்கையின் முன்விளிம்பில் வந்து உட்காரும் தூசியை மட்டும், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் உதறுவதில்லை.