திரைக்கு வெளியே நின்ற மூன்று பேர்

அரசர்கள் நல்லவர்களாகவும் அதிகாரிகள் நம்மைப் போன்றவர்களாகவும் இருந்த காலம் அது. கேளுங்கள்.

ஓர் அரசன் புதுச் சட்டம் ஒன்று போட்டான். முறையிட வருகிறவர் திரைக்கு வெளியே நிற்க வேண்டும். அதிகாரி உள்ளேயிருந்து கேட்க வேண்டும். பெயர் சொல்லக் கூடாது, உறவும் சொல்லக் கூடாது. முகம் தெரியாவிட்டால் பாரபட்சம் வராது என்று, பாவம், அவன் நம்பினான்.

ஆற்றங்கரைகளைக் காக்கும் அதிகாரி அரங்கவேள். கை சுத்தமானவர், யாரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. ஆனால் அவருடைய ஒரே மகள் உமையாள், அவர் பேச்சை மீறி ஆற்றூர்ப் படகோட்டி ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து ஆற்றூர்க்காரர் எல்லாரும் அவருக்குப் பொய்யர்கள்தான்.

ஆற்றூர்க்காரர் வார்த்தைகளை இழுத்துப் பேசுவார்கள். திரை முகத்தை மறைக்கும், பேச்சை மறைக்குமா?

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஆற்றூரிலிருந்து ஒரு மீனவர் வந்தார். "ஐயா, கரையில வெடிப்பு விட்டிருக்கு. அடைக்க ஆளனுப்புங்க."

அந்த இழுவை அதிகாரியின் காதில் விழுந்தது. "பார்க்கலாம், போ" என்றார்.

மறுநாள் ஒரு குயவர் வந்தார். "வெடிப்புல தண்ணி கசியுதுங்க ஐயா."

"பார்க்கலாம், போ."

அன்றைக்கே மேலூர்க்காரர் ஒருவர் வந்து, கரையில் எலிவளை இருக்கிறது என்றார். உடனே மண்வெட்டியோடு ஆட்கள் போனார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். மழையில் ஊரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது; பேச்சில் அதே ஆற்றூர் இழுவை. "புள்ளகுட்டியெல்லாம் கரைக்குக் கீழதான் இருக்குதுங்க ஐயா. இன்னைக்கே ஆள் வேணும்."

"பார்க்கலாம், போ."

பொழுது சாயும் முன்பே கரை உடைந்தது.

அரங்கவேள் ஓடினார். சேற்றில் உமையாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் மகன், மூச்சில்லாமல். அந்தப் பிள்ளையின் முகத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"கடைசியா வந்து கேட்டது நான்தாம்பா" என்றாள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இருக்கிற ஆளையெல்லாம் அனுப்பியிருப்பேனே அம்மா."

அவள் அழவில்லை. "நான்னு தெரிஞ்சாத்தான் அனுப்புவீங்களா? முன்னால வந்தவங்க வீட்டுலயும் புள்ளைங்க இருந்துச்சுங்களே."

அரசன் அரங்கவேளைத் தண்டிக்க வழி தேடினான். அவரோ சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மீறியிருக்கவில்லை.

முறையீட்டைக் கேட்கும் முன்பே மனத்துக்குள் முடிவு செய்துவிட்டவனிடமிருந்து எந்தச் சட்டமும் நியாயத்தை வாங்கித் தர முடியாது.