தலைகீழ்த் தாமரையின் முதல் கச்சேரி

ஆனைமடுக் காட்டில் வீராயி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தது. மடுக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு அடைகாத்து வந்தது. யார் வந்தாலும் "டிட்டி டிட்டீ!" என்று கத்துவது அதன் பரம்பரைத் தொழில். குரல் காதைக் கிழிக்கும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் மான்கூட்டம் புலி வாய்க்குத் தப்பி உயிரோடு இருந்தது.

அந்த மடுவில் ஒரு புது இசைக்குழு கிளம்பியது. அதன் பெயர் 'தலைகீழ்த் தாமரை'. கொண்டையன் என்ற மரங்கொத்தி தாளம். தவளை அடிக்குரல். சிள்வண்டு சுருதி. முள்ளம்பன்றி முள்ளைச் சிலுப்பிக் கலகலக்கும். அந்த வாத்தியத்துக்கு என்ன பெயர் என்று அதற்கே தெரியாது.

"அது ஏன் தலைகீழ்?" என்று கேட்டது எருமை.

"நேரா இருந்தா எல்லாருக்கும் புரிஞ்சிடுமே!" என்றது கொண்டையன்.

மழைக்காலம் முழுக்கப் பாடிப் பழகி, ஒருநாள் அந்திசாயும் வேளையில் முதல் கச்சேரி வைத்தார்கள். காடே திரண்டு வந்தது. முதல் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து முயல் கைதட்டியது. மயில் திரும்பி முறைத்தது. பாட்டு அப்போதுதான் பாதி ஆகியிருந்தது.

கடைசிப் பாட்டின் பெயர் 'வெறுமை'. டொக் டொக் என்று ஓடிக்கொண்டிருந்த பாட்டு, நட்டநடுவில் சட்டென்று நின்றது. தவளை வாயை மூடியது. சிள்வண்டு வாயை மூடியது. எங்கும் ஒரு சத்தமில்லை.

காட்டில் தவளையும் வண்டும் ஒன்றாக வாயை மூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புலி வருகிறது!

"டிட்டி டிட்டீ! டிட்டி டிட்டீ!" என்று வீராயி அலறியது.

அவ்வளவுதான். மான்கள் பறந்தன. முயல் பொந்தைத் தேடியது. காட்டுப்பன்றி மயிலின் தோகையை மிதித்துக்கொண்டு ஓடியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியது ஞானசிகாமணி என்ற நரி. புலி வரவில்லை என்று தெரிந்ததும் முதலில் திரும்பி வந்ததும் அதே நரிதான். வந்த கையோடு ஒரு பாறைமேல் ஏறி, ஓடவே இல்லாததுபோல் உட்கார்ந்துகொண்டது.

அசையாமல் இருந்தது எருமை மட்டும்தான். "நல்லாத்தான் இருக்கு. எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று அது கேட்டது.

ஒவ்வொன்றாக மற்ற மிருகங்கள் தலையை நீட்டின. "தாளமே இல்லையே, நான் எதுக்கு ஆடுறது?" என்றது மயில். "எனக்குப் பசிதான் எடுத்துச்சு," என்றது பன்றி. "பாட்டா அது? என் பிள்ளை பயத்துல பால் குடிக்க மாட்டேங்குது!" என்றது செவத்தா என்ற புள்ளிமான்.

நரி தொண்டையைச் செருமியது.

"அட மூடங்களா! அந்த மௌனம்தான் பாட்டோட உயிர்! சத்தத்தை எந்தக் கழுதையும் கேக்கும். சத்தமில்லாததைக் கேக்கத்தான் ரசனை வேணும். கண்ணை மூடி அனுபவிக்க வேண்டிய இடத்துல, இந்தக் கரைக்காரி கத்திக் கெடுத்துட்டா!"

எல்லாரும் திருதிருவென்று விழித்தார்கள். ரசனை இல்லை என்று பெயர் வாங்க யாருக்குத்தான் பிடிக்கும்?

"நான்கூட மௌனத்தைத்தான் ரொம்ப ரசிச்சேன்," என்றது மயில் மெல்ல. "நான் ஓடலை. ரசிச்சுக்கிட்டே கொஞ்சம் வேகமா நடந்தேன்," என்றது முயல். கடைசியில் செவத்தாவும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது. அதுதான் வீராயிக்கு வலித்தது. அந்த மானின் உயிரை அது காப்பாற்றியது ஒருமுறையா, இருமுறையா!

நரியே தீர்ப்பும் சொன்னது. "அடுத்த கச்சேரியில நீ வாயைத் தொறந்தா, இந்தக் கரையை விட்டே போயிடணும்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். வீராயி தன் முட்டைகளைப் பார்த்தது. தான் பறந்து போய்விடலாம். முட்டைகளை எப்படித் தூக்கிக்கொண்டு போவது?

நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்பார்கள். இந்த நரி பிடுங்கத்தான் வந்திருந்தது. அதற்கு இசையும் தெரியாது, ஒரு வெங்காயமும் தெரியாது. வீராயியின் முட்டைகள்மேல் வெகுநாளாகக் கண். கரைப்பக்கம் கால் வைத்தாலே அந்தக் குருவி ஊரைக் கூட்டிவிடுகிறதே என்றுதான் எரிச்சல்.

கொண்டையன் மட்டும் சிறகு தொங்க வீராயியிடம் வந்தது. "உண்மையைச் சொல்லு வீராயி. நீ கத்துனதாலதான் ஓடுனாங்களா? இல்ல, பாட்டு நல்லா இல்லையா?"

"எனக்குப் பாட்டைப் பத்தி என்னப்பா தெரியும்? தவளையும் வண்டும் ஒண்ணா வாயை மூடுனா, எனக்கு வாய் தானாத் தொறந்துக்கும்."

"அடுத்த தடவை கொஞ்சம் பொறுத்துக்கோயேன். ஒரு மழைக்காலம் உழைச்ச பாட்டு அது," என்றது கொண்டையன். அதன் குரல் உடைந்திருந்தது. வீராயிக்குப் பாவமாக இருந்தது. சரி என்று தலையாட்டியது.

இரண்டாவது கச்சேரிக்கு முதல்முறையைவிடக் கூட்டம். "இந்தத் தடவை மௌனத்தை நல்லா நீட்டுங்க!" என்று நரி குழுவுக்குக் கட்டளை போட்டது. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: "எல்லாரும் கண்ணை இறுக்கி மூடிக்கணும். தொறக்கிறவன் ரசிகன் இல்லை!"

'வெறுமை' வந்தது. டொக் டொக் நின்றது. தவளையும் வண்டும் நின்றன. காடு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு மெய்மறந்து தலையை ஆட்டியது.

தரையில் முட்டையிடுகிறவளால் கண்ணை மூடிக்கொண்டு எப்படி இருக்க முடியும்? வீராயி பார்த்தது. நரி பூனைநடை நடந்து நேராக முட்டைகளை நோக்கி வந்தது! கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் கரை போகும். முட்டையும் போகும். வீராயி குரலை விழுங்கிக்கொண்டு, சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து இழுத்து நரிக்கு முன்னால் ஓடியது. தன்னைத் துரத்தட்டும், முட்டை தப்பட்டும் என்று பார்த்தது. நரியா ஏமாறும்? நாக்கைச் சுழற்றிக்கொண்டு மேலே வந்தது.

அப்போது நரிக்குப் பின்னால் நாணற்புதர் அசைந்தது. மஞ்சளும் கறுப்புமாக ஒரு முகம் தெரிந்தது.

தன் முட்டைக்காக அடக்கிய குரலை, இதற்கு அடக்க முடியவில்லை. கரை போனால் போகட்டும்!

"டிட்டி டிட்டீ! புலி! டிட்டி டிட்டீ!"

"ஷ்ஷ்!" என்று சீறியது நரி. "மௌனம்! மௌனம்!"

"ஷ்ஷ்ஷ்!" என்றது கண்ணை மூடிய கூட்டம் மொத்தமும். "ரசனை கெட்ட ஜென்மம்!" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மறுகணம் நரி "ஐயோ! அம்மா!" என்று அலறியது.

"ஆஹா!" என்றது மயில், கண்ணைத் திறக்காமல். "போன தடவைக்கு இந்தத் தடவை முடிவு பிரமாதம்! எவ்வளவு உருக்கம்!"

முயல் கைதட்டியது. மான்களும் காலைத் தட்டின.

எருமை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "பாடுறது யாரு, நம்ம நரியா? பக்கத்துல நிக்கிறது புலி மாதிரி இருக்கே!"

அதற்குப் பிறகு யாரும் ரசிக்கவில்லை. காடே காலியானது. நரிக்கறி புலிக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் வாய்க்குள் தானாக வந்ததை வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லையே! கவ்விக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலை செவத்தா குட்டியோடு கரைக்கு வந்தது. "போகச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தி, தாயி. மன்னிச்சிடு," என்று கண்கலங்கியது.

"அதெல்லாம் இருக்கட்டும், முட்டையை மிதிச்சிடாதே! தள்ளி நில்லு!" என்று வீராயி கத்தியது. அந்தக் கர்ணகடூரமான குரல் செவத்தாவுக்குத் தேனாக இனித்தது.

கொண்டையனும் வந்தது. "இனிமே நீயும் எங்க குழுவுல ஒருத்தி. 'வெறுமை' வரும்போது நீ சும்மா இருந்தா, அது பாட்டு. நீ கத்துனா, ஓட்டம்."

"எல்லாம் சரி," என்றது சேற்றில் கிடந்த எருமை. "பாட்டு எப்ப ஆரம்பிப்பாங்க?"

எச்சரிக்கிறவர் வாயைப் பொத்துகிறவன், அதே கையால் தன் காதையும் பொத்திக்கொள்கிறான்.