காதில் விழாத எண்

"டீச்சர், காதுல விழாததை எழுதலாமா?"

கேட்டவர் ஜெபராஜ். வயது நாற்பத்துநாலு. டீச்சர் நாச்சியாருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

பாளையங்கோட்டையில், ஃபர்னிச்சர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. சென்னை டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததைப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். இங்கே அதைக் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நாளை வேறொரு டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்.

"எழுதலாமான்னா?" என்றாள் நாச்சியார்.

"நான் எழுதல. மெஷின் எழுதியிருக்கு. அதை அப்படியே விட்டுரலாமான்னு கேக்கேன்."

ஜெபராஜ் முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். எல்லார் கையிலும் செல்போன் வந்தது. பிரவுசிங் சென்டர் வைத்தார். அந்தப் போனுக்குள்ளேயே இன்டர்நெட் வந்தது. பிறகு இங்கே வந்து உட்கார்ந்தார். போன மாதம், டாக்டர் பேசப்பேசத் தானே எழுதிக்கொள்கிற மென்பொருள் இங்கேயும் வந்துவிட்டது. அது எழுதியதைச் சரிபார்ப்பதுதான் இப்போது இவர்கள் வேலை.

"ஏழரைச் சனிகூட ஏழரை வருசத்துல விட்டுரும் டீச்சர். இது விடமாட்டேங்கு."

"சர்ச்சுக்குப் போற வேதக்காரருக்கு ஏது அண்ணாச்சி சனி?"

"அதான் பரிகாரத்துக்கும் வழியில்ல."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒலிப்பதிவை ஓட்டும் பெடலைக் காலால் மிதித்தாள்.

டாக்டர் நடந்துகொண்டே பேசுகிறார். நோயாளி பெயர் கஸ்தூரி. வயது அறுபத்தெட்டு. இதயத்துக்கு ஒரு மாத்திரை. அளவைச் சொல்லும் நேரம் பார்த்து ஏதோ வண்டி கடகடவென்று கடந்துபோகிறது. வண்டி போனபின் டாக்டர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

திரையில் மட்டும் 'ஐம்பது மில்லிகிராம்' என்று இருந்தது.

"என்ன கேட்டுது?" என்றார் ஜெபராஜ்.

"வண்டி."

"எனக்கும் அதான். முன்னால மாதிரின்னா பிளாங்க் விட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. திரும்பத் திரும்பக் கேள். விளங்கவில்லையா, இடத்தைக் காலியாக விடு. டாக்டர் நிரப்பிக்கொள்வார்.

இப்போது மேனேஜர் அல்போன்ஸ் வேறு பாடம் எடுக்கிறார். "மெஷின் ஒரு பிளாங்க் விடல. சம்பளம் வாங்குத நீங்க விடுதீங்க. இனிமே விடுதவங்கள வெள்ளிக்கிழமை பாத்துக்கிடுவோம்." பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். காதில் விழவில்லை என்று உண்மையைச் சொல்கிறவனுக்குக் கல்தா, கேட்காமலே சொல்கிற பெட்டிக்கு ஏ.சி. அறை. என்ன நியாயமோ.

"ஐம்பதாத்தான் டீச்சர் இருக்கும். இந்த மாத்திரையில அதான் வழக்கம். மக நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கா. இந்த வயசுல எனக்கு எவன் வேலை தருவான்? நீங்களே சொல்லுங்க. காலையிலேருந்து இதையே யோசிச்சுத் தலைவலி வேற."

நாச்சியார் தன் கைப்பைக்குள் துழாவினாள். அட்டையிலிருந்து தனியாகப் பிரிந்து கிடந்த ஒரு மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"போடுங்க."

"என்ன மாத்திரை?"

"தலைவலி மாத்திரையாத்தான் இருக்கும்."

"இருக்குமா?"

"என் பையில வழக்கமா அதான் கிடக்கும்."

வெள்ளையாக, வட்டமாக இருந்தது. எழுத்து ஒன்றுமில்லை. திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கமும் இல்லை.

மேசைமேல் வைத்துவிட்டார்.

"நீங்க கெட்டிக்காரி" என்றார். "ஆனா இதை முழுங்கலேன்னா எனக்குத் தலைவலியோட போச்சு. அந்த ஐம்பதை அழிச்சா வேலையே போயிரும். ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணில்ல."

"அப்புறம்?"

"ஒண்ணுன்னு நான் சொல்லலியே அண்ணாச்சி."

மாத்திரையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். தன் இருக்கைக்குப் போய்விட்டாள்.

அவள் வாதாடியிருந்தால் ஜெபராஜ் ஜெயித்திருப்பார். காலையிலிருந்து பதில்களைத் தயாராக அடுக்கி வைத்திருந்தார். இப்போது அதையெல்லாம் யாரிடம் சொல்ல?

மறுபடி பெடலை மிதித்தார். வண்டி கடகடத்தது. மறுபடி. வண்டிதான். திரையில் ஐம்பது, கொஞ்சமும் கூச்சமில்லாமல், அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றது.

அழித்தார்.

இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினார். அனுப்பிய பின்னும் அது நல்ல காரியம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அல்போன்ஸ் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கணக்கை முடித்து அனுப்பினார். ஜெபராஜையும் கூப்பிட்டார். கடைசியில் நாச்சியாரையும். படிக்க ஆளில்லாத இடத்தில் வாத்தியாருக்கு என்ன வேலை?

லிஃப்ட் ஓடவில்லை. இருவரும் படியில் இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் ஜெபராஜ் நின்றார்.

"டீச்சர், அந்தக் கஸ்தூரியம்மா... டாக்டர் பிளாங்கைப் பாத்தாரா?"

"பாத்தாரு. எனக்குப் போன் பண்ணினாரு."

"கோவப்பட்டு வஞ்சாரா?"

"வஞ்சாரு. அவருக்கும் ஞாபகமில்லையாம். அந்தம்மா வீட்டுக்குப் போன் போட்டு, மாத்திரை அட்டையை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்காரு."

"எவ்வளவாம்?"

நாச்சியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஐம்பது."

ஜெபராஜ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கீழே கடையில் யாரோ கட்டிலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பேரம் படியவில்லை போல. வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ மெஷின் எழுதினது சரி."

"சரிதான்."

"எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியல. பேசின டாக்டருக்கே தெரியல." அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "அதுக்கு மட்டும் எப்படி டீச்சர் தெரிஞ்சுது?"

"அதுக்கும் தெரியாது, அண்ணாச்சி."