மந்தியின் நழுவிய தோள்

காட்டு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் நீர்நாயும் எறும்புதின்னியும் பயிற்சி மருத்துவர்களாக இருந்தன. நீர்நாய் எல்லாவற்றையும் திரையில் பார்த்தே படித்தது. முந்நூறு காணொளிகள் அதற்கு மனப்பாடம்! எறும்புதின்னிக்குத் திரை என்றால் கண் கூசும். அது காட்டுப்பன்றிகளின் எலும்புகளைத் தொட்டுத் தொட்டே பாடம் கற்றது.

ஒரு நாள் பெருமழை. தலைமை மருத்துவர் கரடி ஆற்றின் அக்கரையில் மாட்டிக்கொண்டது. அன்று பார்த்து ஒரு மந்தி, கிளையிலிருந்து வழுக்கி விழுந்து, குட்டியோடு வந்து சேர்ந்தது. அதன் வலது தோள்மூட்டு நழுவியிருந்தது.

“சீக்கிரம், டாக்டர்! வெள்ளம் ஏறுது. இந்தக் கையோட குட்டியைத் தூக்கிக்கிட்டு மரம் தாவ முடியாது!” என்று அழுதபடி திரும்பி உட்கார்ந்தது.

“பயப்படாதீங்கம்மா! நூற்றுப் பன்னிரண்டாவது காணொளி!” என்ற நீர்நாய் கையைப் பிடித்து இழுத்தது.

“ஐயோ! அது நல்ல கை!”

நீர்நாய் திருதிருவென்று விழித்தது. “படத்துல இந்தப் பக்கம்தானே இருந்தது?”

“படத்துல முகத்தைக் காட்டி உட்கார்ந்திருப்பாங்க. இந்தம்மா முதுகைக் காட்டி இருக்காங்க, மேதாவி!” என்று எறும்புதின்னி சிரித்தது. பிறகு சரியான தோளைத் தடவி, முன்னும் பின்னும் அசைத்தது.

“ஆ! நான் என்ன பன்றியா?” என்று மந்தி அலறியது.

எறும்புதின்னியின் கை நின்றது. “பன்றிக்கு முன்கால் பக்கவாட்டில் விரியாது. குரங்குக்கு எப்படி? எனக்குத் தெரியலையே!”

“பக்கவாட்டில் விரிச்சு, வெளிப்பக்கமா திருப்பணும்!” என்றது நீர்நாய்.

“எவ்வளவு பலமா?”

நீர்நாய் தலையைச் சொறிந்தது. “அது படத்துல தெரியாதே!”

“அது என் விரலுக்குத் தெரியும்!”

“அப்போ அவர் சொல்லட்டும், நீங்க திருப்புங்க! தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு!” என்று மந்தி கத்தியது.

நீர்நாய் சொல்லச் சொல்ல, எறும்புதின்னி மெல்லத் திருப்பியது. தசை எதிர்த்தபோது நிறுத்தியது. இளகியபோது தொடர்ந்தது. ‘டக்’ என்று மூட்டு உள்ளே போனது!

மந்தி குட்டியை அணைத்துக்கொண்டு மரத்தில் தாவி ஏறியது.

“குணப்படுத்தியது நீயா, நானா?” என்று நீர்நாய் குழம்பியது.

“எனக்கும் புரியலையே!” என்றது எறும்புதின்னி.

திரையில் படித்தாலும் தொட்டுப் படித்தாலும், தனக்குத் தெரியாததை வாய்விட்டுச் சொல்கிறவரே நல்ல மருத்துவர்.