நாற்பத்தொன்றாம் கட்டில்

நிற்க நேரமில்லாத வடபழனிச் சாலையில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில், மெய்யம்மை தியானம் கற்பித்து வந்தார். அவருக்கு வயது முப்பத்து நான்கு. மாணவர்களில் மூத்தவள் செண்பகவல்லி. ஐம்பத்திரண்டு வயது, அரசு மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் செவிலி. மாணவி குருவை ‘அம்மா’ என்பாள். குரு மாணவியை ‘அக்கா’ என்பார். கேட்டவர்கள் சிரித்ததுண்டு. அவர்கள் இருவருக்கும் அது உறுத்தியதில்லை.

ஒரு பிற்பகல், பணி முடிந்த கையோடு செண்பகவல்லி மாடியேறி வந்தாள். பையிலிருந்து ஓர் உறையை எடுத்துக் குருவின் முன் வைத்தாள்.

“என்ன அக்கா இது?”

“விருப்ப ஓய்வுக் கடிதம். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.”

“பிறகு?”

“சிறுமலை ஆசிரமத்துக்கே போய்விடுகிறேன்.”

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவள் அங்கே மூன்று நாள் தங்கியிருந்தாள். அந்த மூன்று நாள் அவளை விட்டுப் போகவே இல்லை. வார்டில் நாளெல்லாம் கை கழுவிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. குழாயைத் திறக்கும்போதெல்லாம் ஆசிரமத்தை ஒட்டி ஓடிய அந்த மலை ஓடை நெஞ்சுக்குள் ஒருமுறை ஓடும். குழாயை மூடினால் அதுவும் நின்றுவிடும். கைப்பேசியில் ஓர் ஓடைச் சத்தத்தைத் தேடிப் பேருந்தில் கேட்டுப் பார்த்தாள். நடுவில் விளம்பரம் வந்தது.

“நான் சொல்லித் தந்த தியானம்?”

“உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது, அம்மா.”

“அதுவும் வேண்டியதுதான். மலையில் அப்படி என்ன இருந்தது?”

“ஒன்றும் இல்லை. அதுதான் இருந்தது. என் மூச்சு எனக்குக் கேட்டது.” செண்பகவல்லியின் குரல் தாழ்ந்தது. “இந்த ஊரில் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிட அமைதிக்கு ஏங்கிப் போய்விட்டேன்.”

மெய்யம்மை தம் கையை நீட்டினார். “என் நாடியைக் கொஞ்சம் பாருங்கள்.”

“உடம்புக்கு என்ன?” பதறி அருகே வந்தாள் செண்பகவல்லி.

“வார்டில் பார்ப்பது போலவே பாருங்கள்.”

“சின்னப் பெண்கள் பதினைந்து நொடி பார்த்து நான்கால் பெருக்கிவிடுவார்கள். நான் முழு நிமிடம் பார்ப்பேன். அசையக் கூடாது.”

“உத்தரவு.”

இரண்டு விரல்கள் மணிக்கட்டில் பதிந்தன. கண்கள் கடிகார முள்ளில் நின்றன. நிமிடம் கழிந்தது.

“எழுபத்திரண்டு. நன்றாகத்தான் இருக்கிறது. எதற்கு என்னைப் பயமுறுத்தினீர்கள்?”

“கீழே தண்ணீர் லாரி வந்து நின்றதே, கேட்டதா?”

“எப்போது?”

“நீங்கள் எண்ணும்போது. பாதித் தெரு குடத்தோடு நின்று சண்டை போடுகிறது.”

செண்பகவல்லி செவி கொடுத்தாள். உண்மைதான். ஹாரன் ஒலி, குடங்களின் மோதல், யாரோ ஒரு பெண்ணின் வசவு, எல்லாம் ஒன்றாக ஜன்னல் வழியே ஏறி வந்தன.

“எண்ணும்போது வேறு எது காதில் விழும்?” என்றாள்.

“உங்கள் வார்டில் எத்தனை கட்டில்?”

“நாற்பது. காலையில் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு நிமிடம் நானேதான்…” சொல்லிவந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

குரு கேட்டார்: “உங்கள் நாடியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?”

“என்னுடையதா? செவிலியர் பள்ளியில், பழகுவதற்காகப் பார்த்தது. முப்பது வருடம் இருக்கும்.”

“இப்போது பாருங்கள்.”

அவள் தன் மணிக்கட்டைப் பற்றினாள். பதினெட்டு எண்ணியதும் கைப்பேசி சிணுங்கியது. கண் அங்கே போயிற்று. மறுபடி தொடங்கினாள். முப்பதைத் தாண்டுமுன் பன்னிரண்டாம் கட்டில் பெரியவரின் டிரிப்ஸ் நினைவுக்கு வந்தது. மூன்றாம் முறை, எங்கே விட்டோம் என்பதே தெரியவில்லை. நாற்பது பேருக்குத் தவறாத விரல்கள் அவளுடைய சொந்தக் கையில் வந்து வழி தெரியாமல் நின்றன. கண்கள் நிறைந்தன.

“தவறித் தவறிப் போகிறது, அம்மா.”

மெய்யம்மை உறையை எடுத்துத் தம் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு முழு நிமிடம் எண்ணி முடித்த அன்றைக்கு வந்து இதை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றும் மலை கூப்பிட்டால் நானே வந்து பஸ் ஏற்றி விடுகிறேன்.”

“அதுவரை?”

“அதுவரை உங்கள் வார்டில் நாற்பத்தொரு கட்டில், அக்கா.”