பஞ்சுக்குள் இருந்த பொத்தான்

தணிகைவேல் நாற்பத்தேழு வயதில் ஆராய்ச்சி மாணவரானவர். வழிகாட்டி ஜெயசீலி அவரைவிடப் பத்து வயது இளையவர். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகத்தையும் செம்பையும் உருக்கிச் சேர்ப்பது தணிகைவேலின் வேலை. முதலில் ஒரு பங்குக்கு இரு பங்கு செம்பு சேர்த்தார். அந்தத் துண்டு கை தவறி விழுந்து அப்பளமாக நொறுங்கியது. அன்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து இரண்டையும் சரிக்குச் சரி சேர்த்தார். சட்டைப் பொத்தான் அளவில் ஒன்று தேறியது. சூடு கண்ட பூனை அல்லவா, அதைப் பஞ்சுக்குள் பொதிந்து டப்பாவில் வைத்துப் பூட்டினார். அதன் காந்தத் தன்மையை அளக்க அடுத்த வாரம்தான் முறை கிடைத்திருந்தது. டிஸ்ப்ரோசியமோ தீர்ந்துவிட்டது, வேலை பார்க்கும் கல்லூரியில் வாங்கிய விடுப்பும் தீரப்போகிறது. அந்தப் பொத்தான் போனால் பட்டமும் போனது.

டப்பாவோடு ஜெயசீலியிடம் வந்தார். ஆய்வேட்டில் இதன் பயன்களைப் பற்றிய அத்தியாயத்தை இப்போதே முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன் என்றார்.

"உடையும், அதனால தகடா அடிக்கவோ கம்பியா இழுக்கவோ உதவாதுன்னு எழுதிடலாமா மேடம்?"

"இது உடைஞ்சுதா சார்?"

"முந்தினது உடைஞ்சுதே. இந்த மாதிரிச் சேர்மம் உடையும்னுதான் புத்தகத்திலயும் இருக்கு."

ஜெயசீலி டப்பாவை வாங்கித் திறந்து, பொத்தானை எடுத்துப் போய் மூலையிலிருந்த பட்டறைக்கல்லின் மேல் வைத்தார். வெளிச்சத்தில் பார்க்கத்தான் வைக்கிறார் என்று தணிகைவேல் நினைத்தார். சுத்தியல் உயர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

ணங்கென்று ஓர் அடி. அப்புறம் இன்னொன்று.

தணிகைவேல் கண்ணைத் திறந்தார். கல்லின் பக்கம் பார்க்கவே இல்லை. நேரே தரையில் மண்டியிட்டு, மேசைக்கடியில் கையால் துழாவ ஆரம்பித்தார்.

"என்ன தேடறீங்க?"

"துண்டுங்களை மேடம். பொறுக்கினா அளக்கவாவது ஆகும்."

"எழுந்து பாருங்க சார்."

பொத்தான் கல்லின் மேலேயே இருந்தது. கொஞ்சம் தட்டையாகி, ஓரம் அகன்று, முழுசாக இருந்தது. தணிகைவேல் விரலால் தடவினார், திருப்பினார், மறுபடியும் தடவினார். ஒரு விரிசல்கூட இல்லை. பேயறைந்தவர் போல நின்றார்.

"உடையாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது."

அவருக்கு மறுபடியும் தூக்கிவாரிப்போட்டது.

"தெரியாமலா அடிச்சீங்க?"

ஜெயசீலி சுத்தியலை அவர் கையில் கொடுத்தார்.

"தெரிஞ்சிருந்தா எதுக்கு சார் அடிக்கணும்?"